நூறு ஆம்ஸுக்குள் ஒரு மெஷின்

மார்ச் 4

வார்டு அம்மாவுக்கு,

நீ வேறு ஆஸ்பத்திரிக்கு மாற்றலாகிக் கிளம்பும்போது நாம் செய்துகொண்ட ஏற்பாடு ஞாபகம் இருக்கும். நலம் விசாரிப்பு போனில், சண்டை கடிதத்தில். போன் அடித்தாலே உன் அப்பா ஸ்பீக்கரில் போடச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்துவிடுகிறார். அவர் முன்னால் நாம் இருவரும் புதுச் சம்பந்திகள் மாதிரி மரியாதையாகப் பேசிக்கொள்கிறோம். ஆகவே இந்த உறையைப் பார்த்ததுமே சண்டை என்று உனக்குத் தெரிந்திருக்கும். முழுதாகப் படித்துவிட்டுத் திட்டு.

நான் ஒரு வெல்டிங் மெஷின் வாங்கலாம் என்றிருக்கிறேன். தொழிலுக்கு இல்லை. பொழுதுபோக்குக்கு.

போன மாதம் மாமாவுடைய இரும்புக் கட்டிலின் கால் விட்டுப்போனது. ஆட்டோவில் ஏற்றிப் பட்டறைக்குக் கொண்டுபோனோம். பட்டறைக்காரர் முகமூடியைக் கவிழ்த்துக்கொண்டு மூன்று இடத்தில் ராடு என்கிற வெல்டிங் குச்சியை வைத்து எடுத்தார். கட்டில் நின்றுவிட்டது. பகல் முழுக்கக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் அறுக்கிறவன் நான். என் கையில் எல்லாமே தேய்ந்து, குறைந்து, தூளாகத்தான் போகிறது. இரண்டு துண்டு ஒன்றாவதைப் பார்த்ததும் எனக்கு என்னவோ ஆகிவிட்டது. இரண்டு வாரமாக அதே நினைப்பு.

எதை வாங்குவது என்பதில்தான் தலை சுற்றுகிறது. டிரான்ஸ்ஃபார்மர் வைத்த பழைய மாடல் ஒன்று, டிரங்குப் பெட்டி கனம், ஆனால் அடித்துப்போட்டாலும் சாகாதாம். இன்வெர்ட்டர் மெஷின் என்று சின்னதாக ஒன்று, தோளில் மாட்டிக்கொண்டே நடக்கலாம். இந்த இரண்டிலும் ராடால்தான் பற்றவைக்க வேண்டும். இன்னொன்று வயர் மெஷின். விசையை அழுத்தினால் கம்பி தானாக ஓடிவரும், கை சீக்கிரம் பழகிவிடும் என்கிறார்கள், மெல்லிய தகட்டுக்கு நல்லது. ஒரு கடைக்காரர் சொன்னதை அடுத்த கடைக்காரர் தலைகீழாக்குகிறார். இன்னும் வாங்கவில்லை, பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

"இருக்கிறோம்" என்று எழுதியதை நீ கவனித்திருப்பாய். மாமாவும் கூட வருகிறார். அதைப் பற்றி அப்புறம்.

உன்
கண்ணாடிக் கடைக்காரன்


மார்ச் 11

என்னங்க,

முழுதாகப் படித்துவிட்டுத்தான் திட்டுகிறேன்.

நான் எங்கே வேலை பார்க்கிறேன் என்பது உங்களுக்கு மறந்துவிட்டதா? தீக்காய வார்டில். நெருப்பென்று சொன்னால் வாய் வெந்துவிடாது என்பார்கள். எனக்கு வேகிறது. இப்போது சன்னலோரக் கட்டிலில் படுத்திருப்பவர் உங்களை மாதிரிதான், பொழுதுபோக்குக்காரர். காலி எண்ணெய்ப் பீப்பாயை வெட்டி அடுப்பு செய்யப் போனார். எண்ணெய் காலியானாலும் ஆவி காலியாகாது என்பது அவருக்குத் தெரியவில்லை. அவர் மனைவி தினமும் வந்து கண்ணாடிக் கதவுக்கு வெளியே நிற்கிறாள். உள்ளே விடச் சொல்லிக் கேட்பதே இல்லை. அவள் கேட்காமல் நிற்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. உங்கள் கடிதத்தைப் படித்த பிறகு அந்தக் கதவுப் பக்கம் போகவே கால் வரவில்லை.

அந்த மெஷினை எங்கே வைப்பதாக உத்தேசம்? பின்பக்கத் தகரக் கொட்டகையிலா? அங்கே பெயிண்ட் டப்பா, தின்னர், பழைய மெத்தை, நீங்கள் ஆறு வருடமாகத் தூக்கிப்போடாத செய்தித்தாள் கட்டு. சுவருக்கு இந்தப் பக்கம் அடுப்பு சிலிண்டர். நம் வீட்டு வயரிங்கோ, இஸ்திரிப் பெட்டியும் தண்ணி மோட்டாரும் ஒன்றாக ஓடினாலே இருட்டாகிவிடும். இதில் வெல்டிங்! கொள்ளிக்கட்டையை எடுத்துத் தலையைச் சொறிந்துகொள்கிறீர்கள்.

உங்கள் கண்தான் நம் சோறு. அந்த வெளிச்சத்தைச் சும்மா பார்த்தாலே கண்ணில் மணலை அள்ளிப் போட்ட மாதிரி இருக்கும். லென்ஸ் அறுக்கிறவருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பளபளா சட்டையைப் போட்டுக்கொண்டு எதிலாவது பொறி பட்டால் துணி உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். அதை உரிப்பது என் வேலை. எப்படி உரிப்போம் என்று எழுதட்டுமா?

அப்பாவை இதில் இழுக்காதீர்கள். அவர் உடம்பு இருக்கிற நிலையில் அவரைக் கடை கடையாக அலையவிடுவதா?

வேண்டாங்க. வேறு ஏதாவது பழகுங்கள். எனக்கு ஒரே ஒரு வீடுதான் இருக்கிறது, அதிலும் நான் இல்லை.

நான்தான்


மார்ச் 19

வார்டு அம்மாவுக்கு,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். மூன்றாவது தடவை அந்தப் பளபளா சட்டையைத் தரை துடைக்கப் போட்டுவிட்டேன்.

கொட்டகையைக் காலி பண்ணிவிட்டேன். தின்னர், மெத்தை, செய்தித்தாள் ஒன்றும் இல்லை. எலெக்ட்ரீஷியன் வந்து தனி லைன் இழுத்து எர்த்தும் பிரேக்கரும் போட்டுவிட்டார். வாளியில் மணல் இருக்கிறது. நீ திட்டியதையெல்லாம் ஒன்று விடாமல் செய்துவிட்டேன், மாமாவை இழுக்காதீர்கள் என்றதைத் தவிர. மாமா விஷயம் அப்படியில்லை. அதைப் போனில் சொல்ல முடியாது.

நெஞ்சில் அந்தக் கருவி வைத்து வந்த பிறகு மாமா எப்படி ஆகிவிட்டார் என்று உனக்கு முழுதாகத் தெரியாது. போனில் உன்னிடம் சத்தமாகச் சிரிப்பார். வைத்ததும் அந்தப் பிளாஸ்டிக் நாற்காலிக்குப் போய்விடுவார். தெருமுனை வரை நடக்கக்கூடக் கூப்பிட்டால் வரமாட்டார். "உள்ள பேட்டரில ஓடுற வண்டி மாப்ள, சும்மா எதுக்கு ஓட்டி தீக்கணும்"னு ஒரு நாள் சொன்னார். சிரிக்காமல் சொன்னார். முப்பது வருடம் பஸ் ஓட்டின மனிதர் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைத் தினமும் பார்க்கிறவன் நான். எங்கள் இருவருக்கும் பேச ஒன்றுமே இருக்காது. சாப்பிட்டீங்களா, சாப்பிட்டேன். அவ்வளவுதான்.

கட்டில் கால் ஒட்டின அன்றைக்குத் திரும்பும் வழியில் அவராக வாயைத் திறந்தார். "அந்த ஆள் கை நடுங்கவே இல்ல பாத்தியா?" அதற்கடுத்த நாள், "நாமளே ஒண்ணு வாங்குனா என்ன?" முதலில் சொன்னது அவர்தான். உன் பயத்துக்காக என் ஆசை என்று மட்டும் எழுதினேன். இப்போது அவர்தான் என்னை எழுப்பிக் கிளப்புகிறார். கடைக்காரரை நிறுத்திவைத்துக் கேள்வி கேட்கிறார், பில் போட விடுவதில்லை.

இனி மறைக்கவில்லை. வாங்கிவிட்டோம். போன சனிக்கிழமை. அந்த டிரான்ஸ்ஃபார்மர் மெஷின், இருநூற்றைம்பது ஆம்ஸ். ஆம்ஸ் என்றால் கரண்டின் பலம் என்று வைத்துக்கொள். எனக்குச் சின்னதுதான் பிடித்திருந்தது. மாமா கேட்கவில்லை. "வண்டி வாங்குனா இஞ்சின் பெருசா இருக்கணும் மாப்ள. மேடு வந்தா தெரியும்." நம் கொட்டகையில் என்ன மேடு வரப்போகிறது? ஆனால் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு என்னால் மறுக்க முடியவில்லை.

கோபப்படு. ஆனால் போனில் அவரைக் கோபிக்காதே.

உன்
கண்ணாடிக் கடைக்காரன்


மார்ச் 26

என்னங்க,

உங்கள் கடிதம் இன்று மத்தியானம்தான் கைக்கு வந்தது. "நெஞ்சில் அந்தக் கருவி" என்ற இடத்தில் நின்றுவிட்டேன். அதற்கு மேல் எழுத்து ஓடவில்லை.

நான் ஒரு நர்ஸ். தீ, கண், சட்டை, சிலிண்டர் எல்லாம் யோசித்தேன். அப்பாவின் பேஸ்மேக்கரை யோசிக்கவில்லை. அவ்வளவு பெரிய கரண்ட் ஓடும் கம்பிக்குப் பக்கத்தில் போனால் அந்தக் கருவி குழம்பிப்போகலாம். இதயம் தானாகத் துடிக்கிறது என்று நினைத்துக்கொண்டு அது சும்மா இருந்துவிடலாம். கருவி சும்மா இருந்தால் என்ன ஆகும் என்று நான் எழுத வேண்டுமா?

உடனே கூப்பிட்டேன். அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி கூப்பிட்டேன். சாயங்காலம்தான் எடுத்தீர்கள். மெஷினைப் பிடுங்கிவையுங்கள், அப்பாவைக் கொட்டகைப் பக்கம் விடாதீர்கள் என்றேன். "சரி சரி" என்றீர்கள். நீங்கள் ஒரு சரி சொன்னால் நம்பலாம். இரண்டு சரி சொன்னால் வேறு என்னவோ இருக்கிறது என்று கல்யாணமான முதல் வருடத்திலேயே கற்றுக்கொண்டேன்.

அப்பா எங்கே என்றேன். தூங்குகிறார் என்றீர்கள். சாயங்காலத்தில் அப்பா என்றைக்குத் தூங்கியிருக்கிறார்? அப்புறம் அவர் வந்து பேசினார். "எல்லாம் நல்லாருக்கும்மா" என்றார். நான் கேட்காமலே சொன்னார்.

ட்யூட்டி முடித்து இதை எழுதுகிறேன். என்ன நடந்தது அங்கே?


மார்ச் 27

அன்புள்ளவளுக்கு,

நேற்று நீ கூப்பிட்டபோது மாமா என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தார். அதனால்தான் "சரி சரி" என்று முடித்துவிட்டேன்.

அவர் விழுந்துவிட்டார். நேற்று முன்தினம் சாயங்காலம், கொட்டகையில்.

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். ஒரு வாரமாகப் பழைய தகடுகளை வைத்துப் பழகிக்கொண்டிருந்தேன். மாமா இரண்டாவது முகமூடியைப் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே நிற்பார். முந்தாநாள், "ஒரே ஒரு கோடு நான் போட்டுப் பாக்குறேன் மாப்ள" என்றார். கையில் கொடுத்தேன். போட்டார். கோணலாகத்தான் வந்தது, ஆனால் அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம். மறுபடி நான் வாங்கிக்கொண்டு ராடை வைத்தேன். அந்தக் கறுப்புக் கண்ணாடிக்குள்ளிருந்து பார்த்தால் பொறியைத் தவிர உலகத்தில் ஒன்றுமே தெரியாது. அந்த இருட்டுக்குள்தான் தொப்பென்று சத்தம் கேட்டது.

முகமூடியைத் தூக்கினால் அவர் தரையில் கிடக்கிறார். மெஷின் உறுமிக்கொண்டிருந்தது. முதலில் எதை அணைப்பது, யாரைத் தூக்குவது என்று எனக்குத் தெரியவில்லை. அந்த ஒரு கணம் நான் அசையாமல் நின்றேன். அதை உன்னிடம் சொல்லித்தான் ஆகவேண்டும். அப்புறம் சுவிட்சை அணைத்துவிட்டு ஓடினேன். கண்ணைத் திறந்துதான் வைத்திருந்தார். நெற்றியில் சிராய்ப்பு. "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல. அவகிட்ட சொல்லாத" என்றார். எழுந்து உட்கார்ந்ததும் முதலில் சொன்னது இதுதான்.

எப்படி விழுந்தீர்கள் என்றால் சரியாகச் சொல்ல மாட்டேன் என்கிறார். தலை சுற்றியதா என்றால் இல்லை என்கிறார், கொஞ்சம் கழித்துத் தெரியலை என்கிறார். அவருக்குக் கருவி இருப்பது எனக்கும் தெரியும். அதற்கும் வெல்டிங்குக்கும் சம்பந்தம் இருக்கும் என்று நீ சொல்கிற வரை எனக்குத் தோன்றவே இல்லை. நேற்று நீ போனை வைத்ததும் இருதய டாக்டருக்குத்தான் போன் செய்தேன்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது, அதிலும் உன்னிடம். டாக்டர் நாளைக் காலை வரச் சொல்லியிருக்கிறார். பார்த்ததும் நானே போன் செய்வேன். ஆனால் அப்போதும் மாமா பக்கத்தில் இருப்பார். ஆகவே நடந்ததை இதில் எழுதுகிறேன்.

நான் விடியவிடிய அவர் அறை வாசலில் உட்கார்ந்து மூச்சை எண்ணிக்கொண்டிருக்கிறேன். எண்ணத் தெரியாதவன் எண்ணுகிற மாதிரி.


ஏப்ரல் 2

என்னங்க,

போனில் நீங்கள் சொன்னபோது நான் ஸ்டோர் ரூமில் இருந்தேன். பேண்டேஜ் பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டேன். கருவி ஒரு துடிப்பைக்கூடத் தவறவிடவில்லை, அந்தச் சாயங்காலமும் ஒழுங்காகத்தான் ஓடியிருக்கிறது, காலில் கேபிள் சிக்கித்தான் விழுந்திருப்பார் என்று டாக்டர் சொன்னதாகச் சொன்னீர்கள். பின்னாலிருந்து அப்பா, "வயர்தான் தடுக்குச்சு, நெஞ்சு தடுக்கலேன்னு சொல்லு!" என்று கத்தினார். சிரித்தேன். வைத்த பிறகு அழுதேன். இரண்டும் யாருக்கும் தெரியாது.

நேற்று உங்கள் கடிதம் வந்தது. அசையாமல் நின்ற அந்த ஒரு கணத்தைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். எல்லோரும் நிற்பார்கள். என்னுடன் வேலை செய்கிறவர்கள், நான், எல்லோரும். நின்ற பிறகு சுவிட்சைத் தேடினீர்களே, அதுதான் கணக்கு. ஆனால் மறைத்ததற்கு மன்னிப்பு கிடையாது. இரண்டு பேருக்கும்.

அதே கோபத்தில்தான், நீங்கள் போன் செய்ததற்கு மறுநாளே, அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டேன், ஸ்பீக்கர் போடாமல். மெஷினைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், பேச்சே வேண்டாம் என்றேன். "அந்த நாற்காலிக்கே என்னை அனுப்பிடாதேம்மா" என்றார். அப்பா என்னிடம் எதையும் கேட்டதில்லை. ஆஸ்பத்திரியில் தண்ணீர்கூடக் கேட்கமாட்டார். சிக்னல் போய்விட்டது என்று பொய் சொல்லி வைத்துவிட்டேன்.

இரண்டு நாள் யோசித்தேன். அப்பாவின் டாக்டரிடம் நானே பேசினேன். கருவி செய்த கம்பெனியிலும் கேட்டுச் சொன்னார். மாடலுக்கு மாடல் மாறுமாம், அப்பாவுடைய கருவிக்கு மட்டும்தான் இந்தப் பதில். அப்பா இனி ராடைக் கையில் தொடவே கூடாது. கொட்டகை வாசலுக்கு வெளியே, மெஷினும் கேபிளும் எட்டாத தூரத்தில் உட்கார்ந்து பார்க்கலாம். மெஷின் நூறு ஆம்ஸுக்குள் ஓட வேண்டும். அந்த டிரங்குப் பெட்டி வேண்டவே வேண்டாம். நீங்கள் முதலில் சொன்ன சின்ன இன்வெர்ட்டர் போதும். தொடாமலே பொறி பாய்கிற வகை ஒன்று இருக்கிறதாமே, அதன் கிட்டேயே போகாதீர்கள். கேபிளைச் சுருட்டிப் போடாமல், ராடுக்குப் போவது, இரும்புக்குப் போவது இரண்டையும் ஒன்றாக ஒட்டினாற்போல் தரையோடு விடுங்கள். கால் தடுக்காமலும் இருக்கும். அப்பாவுக்குத் தலை லேசாகச் சுற்றினாலும் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு டாக்டரிடம். சாயங்காலம் வேலை முடித்துக் கதவைச் சாத்துவதற்கு முன் அரை மணி அங்கேயே இருந்து எதுவும் புகைகிறதா என்று பாருங்கள்.

இது அனுமதி இல்லை. எனக்குப் பயம் ஒரு துளியும் குறையவில்லை. சன்னலோரக் கட்டில்காரர் நேற்று எழுந்து உட்கார்ந்தார். அவர் மனைவியை உள்ளே விட்டேன். அவள் அவரைத் தொடவில்லை, எங்கே தொடுவது என்று தெரியாமல் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். நான் அந்தக் கம்பியைப் பிடிக்கும்படி வைத்துவிடாதீர்கள்.

நான்தான்


ஏப்ரல் 14

அன்புள்ளவளுக்கு,

டிரங்குப் பெட்டியைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. கடைக்காரர் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டார். "பெரிய மெஷினக் குடுத்துட்டு சின்னது கேக்கறீங்களே, எதுக்குங்க?" என்றார். மாமா சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றித் தையல் தழும்பைக் காட்டினார். "இங்க ஒரு மெஷின் ஏற்கெனவே ஓடிட்டிருக்கு தம்பி. அதோட ஒத்துப்போற மாதிரி ஒண்ணு குடு." கடையில் இருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள். அந்தத் தழும்பை அவர் எனக்கே காட்டியதில்லை. கடைக்காரர் அப்புறம் குரலை இறக்கி, தன் அண்ணனுக்கும் அப்படி ஒன்று வைத்திருப்பதாகச் சொன்னார். அரை மணி நேரம் இரண்டு பேரும் பேட்டரி எத்தனை வருடம் வரும் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். நான் மெஷினைத் தூக்கிக்கொண்டு நின்றேன்.

சின்னது நன்றாக இருக்கிறது. எண்பது ஆம்ஸில் மெல்லிய ராடு போட்டால் நான் செய்கிற வேலைக்குத் தாராளம். அதில் நான் போட்ட முதல் தையல், அதாவது பற்றவைத்த கோடு, கோழி கிளறின மண் மாதிரி வந்திருக்கிறது. அந்தத் தகட்டை மாமா டிவி மேல் வைத்திருக்கிறார். வேண்டாம் என்றால் கேட்கவில்லை.

பயத்தைப் பற்றியும் எழுதிவிடுகிறேன். முன்னெல்லாம் ராடை வைத்தால் மற்றதெல்லாம் மறந்துபோகும். இப்போது ஒரு விரல் நீளம் போடுவதற்குள் முகமூடியைத் தூக்கி வாசலைப் பார்த்துவிடுகிறேன். மாமா கையில் ஒரு கறுப்புக் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு அங்கே உட்கார்ந்திருப்பார். "என்னப் பாக்காத, ரோட்டப் பாத்து ஓட்டு" என்று கத்துவார். பார்க்காமல் இருக்க முடியவில்லை. தையல் அதனால்தான் விட்டு விட்டு வருகிறது. இரண்டு தடவை ராடு ஒட்டிக்கொண்டது.

நேற்று அவர் தெருமுனை வரை தனியாக நடந்துபோய், யாரோ தூக்கிப்போட்ட சைக்கிள் சட்டம் ஒன்றை எடுத்துவந்தார். அதை என்ன பண்ணலாம் என்று கேட்டேன். "அவ வரட்டும், கேட்டுக்கலாம்" என்றார்.

உன்
கண்ணாடிக் கடைக்காரன்


ஏப்ரல் 21

என்னங்க,

பத்து நாள் லீவு கிடைத்திருக்கிறது. அடுத்த வெள்ளிக்கிழமை கிளம்புகிறேன். நான் கேட்கவில்லை. எனக்கு மேலே இருக்கும் அதிகாரி என் முகத்தைப் பார்த்துவிட்டு அவராகவே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

சன்னலோரக் கட்டில்காரர் வீட்டுக்குப் போய்விட்டார். போகும்போது என்னிடம், "சிஸ்டர், அந்த அடுப்ப முடிக்காம விட்டுட்டேனே" என்றார். எனக்குக் கோபம் வந்தது. இன்னுமா அடுப்பு என்று கேட்க வாயெடுத்தேன். அவர் மனைவி பக்கத்தில் நின்று சிரித்தாள். அவளே சிரிக்கிறாள், நான் என்ன சொல்வது? மருந்துச் சீட்டைக் கொடுத்து அனுப்பினேன். அன்று முழுக்க அது என் தலைக்குள்ளேயே இருந்தது.

பதினோரு வருடமாக இந்த வேலை பார்க்கிறேன். தீ தன் வேலையை முடித்துவிட்டுப் போன பிறகுதான் நான் வருகிறேன். அது என்ன விட்டுவிட்டுப் போகும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். அது எதையாவது உண்டாக்குவதை நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. நீங்கள் இருவரும் அப்படி என்னதான் பார்க்கிறீர்கள் என்று எனக்குத் தெரிய வேண்டும்.

அப்பாவிடம் இதைப் படித்துக் காட்டுங்கள், சண்டைக் கடிதம் இல்லை. அவருக்குப் பக்கத்தில், வாசலுக்கு வெளியே, எனக்கும் ஒரு நாற்காலி போட்டுவையுங்கள். பயந்துகொண்டேதான் உட்காருவேன். நீங்கள் ராடை வைக்கும்போது அப்பாவின் கை நாடியைப் பிடித்துக்கொண்டிருப்பேன், அதற்கு அவர் திட்டினாலும் விடமாட்டேன்.

நீங்கள் மட்டும் வாசலைத் திரும்பிப் பார்க்காமல் ஒரு தையல் முழுதாகப் போட்டுக் காட்டுங்கள்.

வருகிறேன்.